சோடாப் பாட்டில் பச்சை

உப்போடை ஊரில் நிறங்கள் இரைய ஆரம்பித்த அன்றைக்கு, சந்தனமாரி வழக்கம்போல உலகம்மாள் மேட்சிங் சென்டரின் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, பெண்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போன ஜாக்கெட் துணிகளை விரலால் மடித்து, விரலால் நீவி, விரலாலேயே ஓரம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பங்குனி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். காதோரம் ஒரு கொசு வந்தது போலிருந்தது. கையை வீசினாள், போகவில்லை. மடியிலிருந்த துணியைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள், சத்தம் நின்றது. மறுபடி எடுத்து மடியில் வைத்தாள், மறுபடி வந்தது. அவள் பயப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை; கண் இல்லாதவளுக்கு உலகத்தில் முக்கால்வாசிச் சங்கதி இப்படித்தான் காரணம் சொல்லாமல் வந்து நிற்கும்.

"அக்கா, இந்தத் துணி ரெண்டும் சண்ட போடுது. என்னன்னு வந்து பாரு."

கூடப்பிறந்த அக்கா உலகம்மாள் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு அரக்கு, ஒண்ணு மெரூன். ரெண்டையும் ஒண்ணா அடுக்காதட்டி, பொறவு எனக்கே குழம்பிரும்" என்றாள். அப்புறம் அவள் காதிலும் அது விழுந்தது. "ஃபேன்ல ஏதும் பூச்சி மாட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணப் போய்விட்டாள்.

மேட்சிங் சென்டர் என்பது புடவைக் கடை இல்லை. எங்கேயோ எடுத்த புடவையை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வந்து, அதற்குச் சேருகிற ஜாக்கெட் துணியும் உள்ளே கொடுத்துத் தைக்கிற லைனிங்கும் தேடிப் பெண்கள் வருகிற கடை. அந்தக் கடைக்கு ஒரு முறை உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தை எவளும் நம்ப மாட்டாள். உள்ளே ஒட்டிப் பிறந்த மாதிரி தெரிகிற இரண்டு துணி, தெருவுக்கு வந்தால் யாரோ எவரோ ஆகிவிடும் என்பதால், முந்தியை ஒரு கையிலும் துணியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு படியிறங்கி, நடுத்தெருவில் வெயிலில் நின்று, போகிற வருகிறவளிடமெல்லாம் "சேருதா மதினி?" என்று கேட்பாள், அவர்களும் தலைபோகிற வேலையை விட்டுவிட்டு நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "கொஞ்சம் கூட இருக்கு", "ஒரு பொட்டு கொறைஞ்சாத் தேவல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சந்தனமாரிக்கு ஐந்து வயதில் அம்மை வந்து கண்ணைக் கொண்டுபோய்விட்டது. நாற்பதை நெருங்குகிற இந்த வயதுவரை, அந்தத் தீர்ப்புகளையெல்லாம் உள்ளே தரையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே அவள் வளர்ந்திருந்தாள். மயில்கழுத்து என்றால் என்ன, ராமர் நீலம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதற்காக எத்தனை பெண்கள் கண்கலங்குவார்கள் என்று தெரியும்.

இரைச்சல் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. முதலில் தேனீ என்றார்கள், பிறகு டிரான்ஸ்ஃபார்மர் என்றார்கள், மின்வாரியத்து ஆள் கம்பத்தில் ஏறி ஊருக்கே கரண்டை நிறுத்தினார், அப்போதும் அது இரைந்துகொண்டுதான் இருந்தது. ஒன்றாம் வகுப்பு டெய்சி டீச்சர்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். ஊதாப் புடவையும் ஊதா ஜாக்கெட்டுமாக அவள் கரும்பலகையில் எழுதப் போக, கை உயரும்போதெல்லாம் அக்குளுக்குள் வண்டு புகுந்த மாதிரி சத்தம் வர, பிள்ளைகள் சிரித்து உருண்டன. மத்தியானமே கடை வாசலில் வந்து நின்றாள்.

"அச்சு அசலா சேருதுன்னு சொல்லித்தான குடுத்தீய உலகம்மாக்கா? இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சே, சேரலன்னு!"

"வெயில்ல பாத்துத்தான டீச்சர் எடுத்தீய? ஒரு நூலு முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்" என்றாள் உலகம்மாள்.

"அந்த ஒரு நூலுதான் இப்ப கத்துது."

அப்படித்தான் ஊர் இரைச்சலின் சட்டத்தைப் படித்தது. ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் சத்தம் இல்லை. சம்பந்தமே இல்லாத நிறம் இரண்டு, மஞ்சளும் நீலமும் போல, பக்கத்தில் இருந்தாலும் சத்தம் இல்லை. ஒன்று மாதிரியே இருந்து ஒன்றாக இல்லாதவைதான் இரைந்தன. மரத்து இலைகள் இரையவில்லை, ஆட்டுமந்தை இரையவில்லை, மேகம் இரையவில்லை. மனுஷன் பார்த்து, தேர்ந்தெடுத்து, இதுவும் அதுவும் சேரும் என்று முடிவுசெய்து பக்கத்தில் வைத்தது மட்டும் இரைந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்கவே அந்த ஊரில் ஆளுக்கு நேரம் பத்தாது.

ஆனால் இரைச்சலோடு குடித்தனம் நடத்துவது லேசாக இல்லை. பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு வரிசையில் நின்றால், இந்த வருடம் தைத்த சீருடையும் அண்ணன்மார் போட்டுப் போட்டு வெளுத்த சீருடையும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இரைய, யார் வீட்டில் வசதி எவ்வளவு என்று மைக் இல்லாமலே அறிவிப்பு வந்தது. ஹெட்மாஸ்டர் வெளுப்புக்குத் தக்கபடி பிள்ளைகளை மாற்றி நிறுத்திச் சமாளித்தார். கட்சிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் ஒன்று போலத் தெரிந்தாலும், ஒன்றுக்கு நீலம் கூடவும் ஒன்றுக்குக் குறைவாகவும் போட்டிருந்ததால், அவர்கள் கூடி நின்ற இடத்தில் என்ன பேசினாலும் ஒருவருக்கும் காதில் விழவில்லை, அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முன்சுவருக்கு ஒரு வருடமும் பக்கச்சுவருக்கு மறு வருடமும் வெள்ளையடித்தவர்கள் வீட்டில் தூக்கம் போயிற்று.

எல்லாரையும்விட அவஸ்தைப்பட்டவர் வியாபாரிகள் சங்கத் தலைவர், பாத்திரக்கடை குணசீலன் அண்ணாச்சி. அவர் தலைக்கு ஒரு மையும் மீசைக்கு ஒரு மையும் போடுகிறவர். அது இத்தனை நாளும் அவருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது அவர் வாயைத் திறக்கும் முன்பே மீசை பேச ஆரம்பித்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்தார், ஐந்தாம் நாள் மீசையை எடுத்துவிட்டார். வெறும் உதட்டோடு கல்லாவில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்த யாரும் சிரிக்கவில்லை, அதுவே அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

சந்தனமாரிக்கு மட்டும் இரைச்சல் இனித்தது. அவளுக்கு நிறம் என்பது பிறத்தியார் வாயில் இருக்கிற ஒன்றாகத்தான் இதுவரை இருந்தது. இப்போது கையிலிருக்கும் இரண்டு துணியும் அவளிடமே பேசின. ஓயாமல் கேட்டுக் கேட்டு, மற்றவர்கள் கவனிக்காத ஒன்றையும் அவள் கவனித்தாள். இரண்டு நிறமும் சாயலில் கொஞ்சம் எட்ட இருந்தால் இரைச்சல் கொசுவாக வேகமெடுக்கும், நெருங்க நெருங்க அது நிதானமாகும், மயிரிழைதான் வித்தியாசம் என்றால், தூங்குகிறவர் மூச்சு மாதிரி ஏறி இறங்கும், ஒன்றாகிவிட்டால் நின்றுவிடும். அதைத் தெரிந்துகொண்ட நாளில் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் தன்னுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

கடை விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கட்டிலுக்கு அடியில் கொஞ்ச நாளாகவே ஏதோ முனகிக்கொண்டிருந்தது, குளவி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்திருந்தாள். பெட்டியை இழுத்து மூடியைத் தூக்கியதும் முனகல் பெரிதாகி முகத்தில் வந்து விழுந்தது. உள்ளே குளவி இல்லை. அவளுடைய புடவைகள்தான் இருந்தன. மாம்பழ மஞ்சள், தாமரை ரோஸ், கிளிப்பச்சை, ராமர் நீலம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அக்கா எடுத்துக் கொடுத்து, காதோடு பேர் சொல்லிக் கட்டிவிட்டவை. ஓரத்துத் தையலை வைத்து எது எது என்று அவளுக்கு மனப்பாடம். மஞ்சளை எடுத்து ரோஸ் மேல் வைத்தாள். இரைந்தது. ரோஸை எடுத்து நீலத்தின் மேல் வைத்தாள். இரைந்தது. மஞ்சளும் நீலமும் இரையக் கூடாது என்று இப்போது ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

அடுப்படியில் இருந்த அக்காவைக் கூப்பிட்டாள்.

"இது என்ன கலருக்கா?"

"மாம்பழ மஞ்சள். மறந்துட்டியா?"

"இது?"

"தாமரை ரோஸு."

"அப்ப ரெண்டும் எதுக்கு இரையுது?"

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எல்லாம் காப்பிப்பொடி கலருதாம் மாரி. ஒண்ணு கொஞ்சம் கூட, ஒண்ணு கொஞ்சம் கம்மி. அழுக்கு தெரியாதுன்னு எடுத்தேன். நீ ஒத்தையில தெருவுல போறவ. கண்ணக் கட்டுத மாதிரி கலர் உடுத்தி உன்ன அனுப்பிட்டு, எந்தப் பய பாக்கானோ, எவன் பின்னால வாரானோன்னு நான் கடையில உக்காந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கணுமா? ஒருத்தன் கண்ணும் உம்மேல விழக் கூடாதுன்னு நெனச்சேன்."

"யாரும் பாக்கக் கூடாதுன்னா, எங்கிட்ட எதுக்கு மாம்பழ மஞ்சள்னு சொன்ன?"

"நீ சந்தோசமா இருக்கணும்னு."

சந்தனமாரிக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. தாமரை ரோஸ் உடுத்தியிருக்கிறோம் என்று எத்தனை கொடைக்குத் தலையை நிமிர்த்தி, முந்தியை வீசி, மெதுவாக, எல்லாரும் பார்க்கட்டும் என்று தெருவில் நடந்திருக்கிறாள். அந்த நிமிர்வெல்லாம் காப்பிப்பொடிக்கா? ஊரே பார்த்திருக்கும், பாவம், சந்தோஷமாகப் போகிறாள், விடு என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். அவள் அழுதாள். அக்காவும் அழுதாள். அழுது முடித்ததும் மாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்து மூடி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"வார ஆடிக் கொடைக்கு எனக்கு ஒரு சேல வேணும், அதுக்குக் கலர நான் எடுக்கணும்."

"எந்தக் கலரு வேணும், சொல்லு. இப்பமே எடுத்துத் தாரேன்."

நாற்பது வயதுக்குள் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. ஆனால் பதில் அவளிடம் ஐந்து வயதிலிருந்தே இருந்தது. கண் போவதற்கு முந்தைய கோடையில் ஞானையா சோடா கம்பெனியில் அப்பா ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்துக் காலிப் பாட்டிலைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தாள். தெரு, வண்டி, மாடு, அப்பாவின் சிரிப்பு எல்லாம் பச்சையாக, குளிர்ச்சியாகத் தெரிந்தது. அதற்கப்புறம் பார்த்தது ஒன்றும் நினைவில் இல்லை. மிச்சமிருப்பது அந்த ஒரு பச்சைதான்.

"சோடாப் பாட்டில் பச்சை" என்றாள்.

மறுநாளே தடியை ஊன்றிக்கொண்டு ஞானையா கம்பெனிக்குப் போனாள். அப்பா காலத்துப் பழைய பாட்டில் ஒன்று கேட்டாள். ஞானையாவின் மகன் தேடி எடுத்துக் கொடுத்து, "பாட்டில் திரும்பி வரணும் பாத்துக்கோங்க" என்று வழக்கம்போலச் சொன்னான். அன்றிலிருந்து கடைப் படியில் வெயிலில் உட்கார்ந்துகொண்டு, மடியில் பாட்டிலை வைத்து, கடையிலிருந்த பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துவரச் சொல்லி அதன் மேல் ஒட்டி ஒட்டிக் கேட்டாள். இலைப்பச்சை கத்தியது. பாசிப்பச்சை முனகியது. வாழைக்குருத்து கொஞ்சம் நெருங்கி வந்து நின்றுவிட்டது. அக்காள் தங்கை இருவரும் அந்த நாட்களில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. உலகம்மாள் துணியைக் கொண்டுவந்து நீட்டுவாள், மாரி ஒட்டிப் பார்த்து "இல்ல" என்பாள், உலகம்மாள் அடுத்ததை எடுக்கப் போவாள்.

இந்த நிலையில்தான் சங்கக் கட்டடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

குணசீலன் அண்ணாச்சி எழுந்து, மீசை இல்லாத உதட்டைத் தடவிக்கொண்டு, தூங்கி எத்தனை நாளாயிற்று என்று தொடங்கினார். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "ஊருக்கு ஒரு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு வெள்ளை. செவுத்துக்கும் அதுதான், சேலைக்கும் அதுதான். மத்த கலரெல்லாம் லோடு வேன்ல ஏத்தி வெளியூருக்கு அனுப்பிருவோம். கொடைக்கு முன்னால இந்த ஊரு அமைதியாயிரணும்" என்றார். ஓரவஞ்சனை வரக் கூடாது என்று, வெளுத்ததிலிருந்து கறுத்தது வரை எல்லாப் பச்சையையும் வரிசையாகப் போட்டு, நட்டநடுவில் இருந்ததை ஊர்ப்பச்சை என்று எடுத்திருந்தார். தூக்கம் வரும் என்றால் ஊர் எதற்கும் தலையாட்டும். கைதட்டினார்கள்.

சந்தனமாரி எழுந்து நின்றாள். "அண்ணாச்சி, வேனக் கொஞ்சம் பொறுத்து அனுப்புங்க. நான் ஒரு பச்சையத் தேடிக்கிட்டு இருக்கேன்."

பின்வரிசையில் யாரோ, பொல்லாப்பாக இல்லாமல் சாதாரணமாகவே, "கண்ணு தெரியாதவளுக்கு எந்தப் பச்சையா இருந்தா என்ன?" என்றார்.

"கண்ணு உள்ளவுக ஒரு பச்ச போனா இன்னொண்ணப் பாத்துக்கிடுவீய" என்றாள் மாரி. "எங்கிட்ட இருக்கதே ஒண்ணுதான். அத நான் மாத்திக்க முடியாது."

கொடைக்கு முந்தின வெள்ளிக்கிழமைவரை டைம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஊர் மளமளவென்று மாறியது. கடை ஷட்டர்கள், ஜன்னல் கம்பிகள், பஸ் நிறுத்தம், அம்மன் கோயில் கொட்டகைத் துணி எல்லாம் ஒரே ஊர்ப்பச்சை ஆயின. சங்கத்திலிருந்து மொத்தமாக வரவழைத்த ஊர்ப்பச்சைப் புடவையைக் கொடைக்கு உடுத்தப் பெண்கள் வாங்கி வைத்தார்கள். தெருத்தெருவாக இரைச்சல் அணைந்து, பகல் தூக்கம் திரும்பியது. மேட்சிங் சென்டருக்கு ஆள் வருவது நின்றே போயிற்று. எல்லாம் ஒன்றாக இருக்கிற ஊரில் எதை எதோடு சேர்ப்பது? படியில் மட்டும் பாட்டிலும் துணியும் விடாமல் முனகிக்கொண்டிருந்தன. போகிறவர்கள் முகம் சுளித்தார்கள், அவள் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வேன் வாசலில் வந்து நின்றது. சங்கத்து ஆட்கள் கட்டுக்கட்டாகத் துணியைத் தூக்கி ஏற்ற, அவர்களுக்கு முன்னால் இன்னும் பார்க்காத பச்சைக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்து உலகம்மாள் தங்கையிடம் கொண்டு ஓடினாள். வெயில் ஏறிவிட்டதென்று மாரியைக் கடைக்குள் உட்கார வைத்திருந்தாள். ஒரு துணியை ஒட்டியதும், முதன்முறையாகச் சத்தமே வரவில்லை.

"இரையல" என்றாள் உலகம்மாள், மூச்சு வாங்க. "நான் பாக்கேன் மாரி, அதே பச்சதான். கெடச்சிட்டு."

மாரி எழுந்தாள். பாட்டிலை ஒரு கையிலும் துணியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடமாக எல்லாப் பெண்களும் செய்ததைப் போலவே, படியிறங்கி நடுத்தெருவில் வெயிலில் போய் நின்றாள். வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் காதோடு ஒட்டிக் கேட்டாள். மூச்சு மாதிரி, மிக மெதுவாக, ஏறி இறங்கியது.

"இரையுது."

"ஒரு நூலுதாண்டி வித்தியாசம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்" என்றாள் மாரி.

உலகம்மாள் உள்ளே போனாள். பச்சை அலமாரி காலியாகிவிட்டது. ஆட்கள் கடைசியாக மேல்தட்டைக் காட்டி, "இந்த லைனிங் கட்டையும் ஏத்தணுமாக்கா?" என்றார்கள். "அது உள்ள வச்சுத் தைக்கிறது, வெளிய தெரியாது, கெடக்கட்டும்" என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை அதிலிருந்து ஒன்றை இழுத்துவிட்டது. ஒருத்தியும் கேட்காத நிறம் என்பதால் வாங்கிய நாளிலிருந்து தூசி தின்று கிடந்த லைனிங் உருளை. உதறித் தட்டி, நுனியைப் பிரித்து வெளியே கொண்டுவந்தாள்.

மாரி அதைப் பாட்டிலோடு ஒட்டினாள். சத்தம் இல்லை. வெயிலிலும் சத்தம் இல்லை.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. சத்தமின்மையில் இரண்டு வகை உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஒன்றே ஆனாலும் இரையாது, ஒட்டே இல்லாமல் போனாலும் இரையாது. இது பாட்டிலின் பச்சையேவா, அல்லது பச்சையே இல்லாத ஏதோ ஒன்றா? அதைப் பார்த்துச் சொல்லக் கண் வேண்டும். பக்கத்தில் இருந்தது அக்காவின் கண் மட்டும்தான். மாம்பழ மஞ்சள் என்று சொன்ன அதே கண்.

"அதேதாம் மாரி" என்றாள் உலகம்மாள். "சத்தியமா அதேதான்."

மாரி, சற்று முன்பு மூச்சு விட்ட அந்தத் துணியைத் தடவி எடுத்து, லைனிங்கின் மேல் வைத்தாள். பாட்டிலோடு எப்படி ஏறி இறங்கியதோ, அதே நிதானத்தில், அதே அளவில், லைனிங்கோடும் ஏறி இறங்கியது. அப்படியென்றால் பாட்டிலும் லைனிங்கும் ஒன்றுதான். அக்கா இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

தன்னைத் தங்கை சோதித்துப் பார்த்தாள் என்று உலகம்மாளுக்குப் புரிந்தது. மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்த வலியை வைத்துக்கொள்ள வேண்டியவள் தான்தான் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்ததால், "அகலம் பத்தாது, நடுவுல ஒட்டுப் போட்டுத்தான் தைக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

"தைச்சுத் தா" என்றாள் மாரி. வேன் புறப்பட்டுப் போயிற்று.

உலகம்மாள் அதைத் தையல் மெஷினில் போட்டு ஓரம் அடித்து, நடுவில் தெரியாத மாதிரி ஒட்டுப் போட்டு, நாலு தடவை அலசி, கஞ்சி போட்டு விறைப்பாக்கினாள். பாட்டிலை மாரி கழுவித் துடைத்து ஞானையா கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கொடையன்று சாயங்காலம், வெயில் இன்னும் இருக்கும்போதே, நையாண்டி மேளம் கோயிலை விட்டுப் புறப்பட்டு பஜாருக்குள் வந்தது. இரண்டு பக்கமும் ஊர்ப்பச்சை ஷட்டர்கள், மேலே ஊர்ப்பச்சைக் கொட்டகை, கீழே ஊர்ப்பச்சைப் புடவையில் ஊர்ப் பெண்கள் எல்லாரும். மேளக்காரர்கள் ஒரு பாட்டு முடித்து அடுத்ததுக்குக் குச்சியை எடுக்கிற இடைவெளியில், கடைப்படியிலிருந்து சந்தனமாரி இறங்கினாள். பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி உலகம்மாள், ஊர்ப்பச்சையில்.

ஊர்ப்பச்சை எல்லாப் பச்சைக்கும் நடுவில் நின்ற பச்சை. சோடாப் பாட்டில் பச்சை அதற்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அவள் முதல் அடி எடுத்து வைத்ததும் பக்கத்துக் கடை ஷட்டர் இரைந்தது. அடுத்த அடியில் அதற்கடுத்த ஷட்டர். மேலே கொட்டகை இரைந்தது, எதிரே நின்ற பெண்களின் புடவைகள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இரைந்தன, எல்லாரையும்விடச் சத்தமாக, கைக்குக் கை இடித்துக்கொண்டு, அக்காளும் தங்கையும் இரைந்தார்கள். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்கள். வாரக்கணக்காகச் செத்துக் கிடந்த தெரு, தான் உயிரோடு இருப்பதை நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பாத்திரக்கடை வாசலில் குணசீலன் அண்ணாச்சியின் கை தன்பாட்டில் மேலுதட்டுக்குப் போயிற்று.

"தள்ளி நடட்டி, இரையுது" என்றாள் உலகம்மாள், தாழ்ந்த குரலில்.

"இரையட்டும்."

"எல்லாரும் உன்னையத்தான் பாக்காவ மாரி."

"பாக்கட்டும்க்கா." அவள் தலையை நிமிர்த்தினாள், முந்தியை இழுத்து வீசினாள், நடையை மெதுவாக்கினாள். "என்ன கலருன்னு யாரும் கேட்டா, உள்ளதச் சொல்லு."

உலகம்மாள் சொன்னாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள், கோயில் வாசல் வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கொடை முடிந்த புதன்கிழமை, பஜார் இன்னும் முழுசாகத் திறக்காத நேரத்தில், டெய்சி டீச்சர் கடைக்கு வந்தாள். அலமாரிகள் காலியாகக் கிடந்தன. உலகம்மாள் ஃபோனில், வேன் எந்த ஊரில் நிற்கிறது, கட்டைப் பிரித்துவிட்டார்களா என்று யாரிடமோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் மஞ்சப்பையிலிருந்து ஊர்ப்பச்சைப் புடவையை எடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்த சந்தனமாரியின் மடியில் வைத்து, யாராவது கேட்கிறார்களா என்று தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, குனிந்து சொன்னாள்.

"இதுக்கு ஒரு ஜாக்கெட் துணி வேணும் மாரி. கொஞ்சமா இரையுத மாதிரி."

சந்தனமாரி புடவை ஓரத்தை விரலால் நீவினாள்.

"எவ்வளவு இரையணும் டீச்சர்?"